ஆமையாகப் பத்து நிமிடம்: பாம்பன் சாலை வி.ஆர். கடல் காட்சிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

போகலாம். ஆனால் அந்த வி.ஆர். (கண்ணில் கருவி மாட்டிப் பார்க்கும் மெய்நிகர்) காட்சியைக் காட்டிவிட்டு அப்படியே பஸ் ஏற்றித் திரும்பி வந்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் கேட்ட ஆசிரியர்கள் எல்லாருக்கும் இதைத்தான் சொன்னேன். ஏன் என்று திருப்பிக் கேட்டவர்களுக்காக இப்போது விரிவாக எழுதுகிறேன். நான் பரமக்குடியில் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். பள்ளியின் பசுமைப் படையும் என் தலையில்தான். பிறந்த ஊர் பாம்பன் என்பதால், கடல் சம்பந்தமாக எது புதிதாக வந்தாலும் "டீச்சர், நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க" என்று என்னிடம் வந்துவிடும்.

மண்டபத்தைத் தாண்டி, பாலம் ஏறுவதற்கு முன்னால், நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கூரை போட்ட நீளமான கடை. முன்பக்கம் சங்கு, சோழித் தோரணம், சிப்பி ஒட்டிய முகம்பார்க்கும் கண்ணாடி என்று வழக்கமான ராமேஸ்வரம் சாமான்கள். பின்பக்கத்தைத் தடுத்துக் கறுப்புத் துணி கட்டி வி.ஆர். அறை ஆக்கியிருக்கிறார். கடையின் பெயரைப் போடவில்லை. கடைக்காரர் நல்ல மனிதர், பிழைப்பில் கை வைக்க எனக்கு விருப்பமில்லை. சுவரில் வரைந்திருக்கும் பெரிய ஆமை, அந்தச் சாலையில் போகிற யார் கண்ணிலும் படும்.

தலைக்கு 150 ரூபாய், பள்ளிக்கூடமாகப் போனால் 120. காட்சி பத்து நிமிடம். நான்கு நாற்காலிதான் இருக்கிறது, மாட்டிக் கழற்றும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு வகுப்புக்கு இரண்டரை மணி நேரம் ஓடிவிடும். காத்திருக்கும் பிள்ளைகளுக்கு நிழல் கிடையாது. ஒரு தார்ப்பாயாவது கட்டச் சொல்லியிருக்கிறேன்.

தலையில் மாட்டும் ஹெட்செட் நான்கும் மெட்டா குவெஸ்ட் 2 ரகம். ஒவ்வொன்றும் அரைக் கிலோ கனம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, குறை பராமரிப்பில். முகத்தில் படும் பஞ்சு உறையில் முந்தின ஆளின் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் அப்படியே இருந்தன. துடைத்துக்கொள்ளக் காகிதம் கேட்டால் தருகிறார், கேட்காவிட்டால் இல்லை. கொண்டை போட்டுப் பூ வைத்த பிள்ளைகளுக்குப் பின்பட்டை சரியாக உட்காராது. பூவை முன்கூட்டியே எடுத்துப் பையில் வைக்கச் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு இடைவெளிச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதையும் வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டும். சிலருக்குத் தலை சுற்றும். கண் "நீந்துகிறேன்" என்கிறது, உட்செவி "சும்மா உட்கார்ந்திருக்கிறேன்" என்கிறது, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வயிறு புரளும். சாப்பிட்டவுடன் உட்கார வைக்காதீர்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போகவே வேண்டாம், தயாரித்தவர்களே அந்த வயதுக்கு இது ஆகாது என்கிறார்கள்.

இனி காட்சி. கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கடைக்காரர் முன்கையோடு சேர்த்துப் பட்டை போட்டுக் கட்டிவிடுகிறார். படம் தொடங்கும்போது இருட்டு. காதில் மணல் சரியும் சத்தம். மேலே வெளிச்சக் கீற்று தெரிகிறது. கையை அசைத்தால் கீழே இரண்டு சின்னத் துடுப்புகள் அசைகின்றன. நாம்தான் ஆமைக்குஞ்சு. மணலைத் தள்ளி மேலே வந்து, அலையைப் பார்த்து ஊர்ந்து, தண்ணீருக்குள் விழ வேண்டும். அந்த ஊர்வதை நாமே கையால் செய்ய வேண்டியிருக்கிறது. செய்யாவிட்டால் அங்கேயே கிடப்போம். என் வகுப்பில் எதற்கும் அசையாத இரண்டு தடிப்பயல்கள் நாற்காலியில் குப்புறச் சாய்ந்து காற்றைத் துழாவிக்கொண்டிருந்ததை மற்றவர்கள் செல்போனில் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1998-ல் பாட்வினிக், கோஹன் என்ற இருவர் செய்தது. உங்கள் கையை மறைத்துவிட்டு, மேஜையில் ஒரு ரப்பர் கையை வைப்பார்கள். மறைந்திருக்கும் உங்கள் கையையும் ரப்பர் கையையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடுவார்கள். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கைதான் நம் கை என்று தோன்ற ஆரம்பித்துவிடும். கண்ணில் படுவதும் தோலில் படுவதும் ஒன்றாக நடந்தால் மூளை "இது என்னுடையது" என்று முடிவு கட்டிவிடுகிறது. துடுப்பு விஷயத்திலும் அதுதான். தொலைக்காட்சியில் ஆமையைப் பார்க்கிறோம். இங்கே கையைக் குனிந்து பார்த்தால் கை இல்லை, துடுப்பு இருக்கிறது.

குஞ்சு வளர்ந்து பெரிய ஆமையாகி, பவளப்பாறைப் பக்கம் திரிந்து, ஒரு வலையில் மாட்டுகிறது. அந்த இடத்தில் வலது கருவி அதிர்கிறது, வலது துடுப்பு நம் கைக்குக் கட்டுப்படாமல் நின்றுவிடுகிறது. நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள், இதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். என் மாணவி ஒருத்தி, வருகைப் பதிவுக்குக்கூட எழுந்து நின்று தலையை மட்டும் ஆட்டுகிறவள். வலை இறுகியதும் அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து உருவ ஆரம்பித்தாள். விரலை உள்ளே நுழைத்து, கண்ணியை விலக்குகிற மாதிரி. வெறும் மணிக்கட்டு அது. நகம் பட்டுச் சிவந்துபோனது. ஹெட்செட்டைக் கழற்றியபோது கன்னத்தில் பஞ்சு உறையின் தடமும் கண்ணீரும் இருந்தன.

பிறகுதான் எனக்குப் பிடிக்காத பகுதி வருகிறது. வலையை மேலிருந்து ஒரு கை இழுக்கிறது. கறுத்த, நரம்பு ஓடிய கை. முகம் கிடையாது. படகின் அடிப்பாகம் ஒரு நிழலாகத் தெரிகிறது. அந்தக் கை ஒரு கத்தியை எடுக்கிறது, காட்சி இருட்டாகிறது. அப்புறம் பாறை முழுக்கச் சில நொடிகளில் வெள்ளையாகிச் செத்துப்போகிறது, "கடலைக் காப்போம்" என்ற எழுத்து வருகிறது, முடிந்தது.

விலங்கியல் வாத்தியாராக ஒரு குறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பவளம் வெளிறுவது வேறு, சாவது வேறு. பவள உயிரியின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சோறும் நிறமும் தருகிறது. தண்ணீர் சூடேறினால் அந்தப் பாசியைப் பவளம் வெளியேற்றிவிடுகிறது, வெள்ளையாகிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைத்துக்கொள்ளும், நீடித்தால் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பெரிய வெளிறல் நடந்தது. சில இடத்தில் பவளம் செத்தது, சில இடத்தில் மீண்டது. வெள்ளை என்றாலே சாவு என்று காட்டினால், "இனிமே என்ன பண்ணி என்ன" என்றுதான் பிள்ளைக்குத் தோன்றும். இங்கே 117 வகைப் பவளம் இருக்கிறது, அதில் ஒன்றின் பெயராவது காட்சியில் வந்திருக்கலாம். கண்ணைப் பறிக்கும் அந்த நீலத் தண்ணீரைப் பார்த்தால் வேறு ஏதோ ஒரு நாட்டுக் கடல் என்று தெரிகிறது.

வெளியே வந்து சர்பத் கடையில் நின்றபோது பேச்சு சூடாக இருந்தது. "இந்த மீன்காரனுங்கள உள்ள தூக்கிப் போடணும் டீச்சர்." பரமக்குடி, நயினார்கோவில் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் இதே ரீதியில் பேசினார்கள். கோபம் உண்மையான கோபம். பாடப்புத்தகத்தில் அழியும் உயிரினங்கள் பாடத்தை நான் எவ்வளவு தொண்டை கிழிய நடத்தினாலும் வராத கோபம்.

அந்தக் கூட்டத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பையன் இருந்தான். வடகடல், அதாவது பாக் விரிகுடாக் கரைக்காரன், காரங்காட்டுக்குப் பக்கத்து ஊர். அப்பா நாட்டுப்படகில் நண்டு வலை விடுகிறார். அவனுக்குக் கோபம் வரவில்லை, சலிப்புதான் வந்தது. "டீச்சர், அந்தப் படத்துல காட்டுனது நண்டு வலை. பார் மேல யாராச்சும் நண்டு வலை விடுவாங்களா? வலைதான கிழியும்."

பார் என்றால் எங்கள் பேச்சில் கடலடிப் பவளப்பாறை. அப்புறம் எப்படி அங்கே வந்தது என்று மற்றவர்கள் கேட்டார்கள். அவன் சர்பத் தம்ளரை வைத்துவிட்டு, தரையில் குச்சியால் கோடு போட்டே காட்டினான். சாயங்காலம் வலையை விட்டுவிட்டு, மிதவை கட்டி, விடியற்காலையில் போய் எடுப்பார்கள். இரவில் அந்த வழியாக விசைப்படகு மடி என்கிற இழுவலையை இழுத்துக்கொண்டு போனால் வலை அதில் சிக்கி அறுந்துவிடும். அறுந்த துண்டு ஓட்டத்தில் போய் எங்காவது பாரில் மாட்டிக்கொள்ளும். அங்கே அது யாருக்கும் சொந்தமில்லாமல் மீன், நண்டு, ஆமை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டே கிடக்கும். "ஒரு வலை போனா எங்கப்பாவுக்கு அந்த மாசமே போச்சு டீச்சர். வேணும்னா விட்டுட்டு வருவாரு?" கத்தி வைத்திருந்த அந்தக் கையைப் பற்றியும் ஒன்று சொன்னான். ஆமை மாட்டியிருந்தால் கத்தியை எடுப்பதே வலையை அறுத்து அதை விடுவிக்கத்தான், வலை போனால் போகிறது என்று. எல்லாப் படகிலும் அப்படித்தானா என்று ஒருத்தி கேட்டாள். "எல்லாரும்னு சொல்ல மாட்டேன்" என்றான். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

காட்சி பத்து நிமிடம், இந்தப் பேச்சு அரை மணிக்கு மேல். பேச்சுக்கு டிக்கெட் கிடையாது.

என் மகள் மதுரையில் உளவியல் படிக்கிறாள். இதைச் சொன்னதும் ஒரு கத்தை ஆய்வுக்கட்டுரைகளை போனில் அனுப்பி வைத்தாள். 2015-ல் கிறிஸ் மில்க் என்ற இயக்குநர், அடுத்தவர் வலியை உணரவைக்க வி.ஆரை மிஞ்சிய எந்திரம் இல்லை என்ற அர்த்தத்தில் மேடையில் பேசினார். ஜோர்டானில் உள்ள சிரிய அகதி முகாமில் இருக்கும் 12 வயதுச் சிறுமியின் வாழ்க்கையை வி.ஆரில் எடுத்தவர் அவர். அதிலிருந்து உலகம் முழுக்க ஆமையாகு, பவளமாகு, வீடிழந்தவனாகு என்று காட்சிகள் வர ஆரம்பித்தன. பிறகு ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து அளந்து பார்த்தார்கள். மார்ட்டிங்கானோ, ஹெரேரா, கான்ராத் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வெளியிட்ட முடிவு எனக்கு அந்தச் சர்பத் கடையையே நினைவுபடுத்தியது. வி.ஆர். பார்த்தவர்களுக்கு மனம் இளகுவது கூடுகிறது. ஆனால் எதிராளியின் நிலையை யோசித்துப் புரிந்துகொள்ளும் திறன் கூடவில்லை. கண்ணீர் சுலபமாக வருகிறது. அவன் ஏன் அப்படிச் செய்கிறான், அவன் இடத்தில் என்ன நடக்கிறது என்கிற வேலையை மூளை தானாக முயன்றுதான் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் கண்முன் காட்டிவிட்டால் மூளைக்கு அந்த முயற்சியே தேவைப்படுவதில்லை.

பால் ப்ளூம் என்ற உளவியல் பேராசிரியர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். இரக்க உணர்ச்சி குவிவிளக்கு மாதிரி, விழுகிற இடம் மட்டும் பளிச்சென்று தெரியும், சுற்றி எல்லாம் இருட்டு என்பது அவர் வாதம். இந்தக் காட்சியில் விளக்கு ஆமை மேல் விழுகிறது. படகில் இருப்பவனுக்கு முகமே இல்லை. ஆமைக்காகப் பிள்ளைகள் விட்ட கண்ணீர், அந்தப் பையனின் அப்பாவுக்குக் கைவிலங்கு மாட்டச் சொல்கிற அளவுக்குப் போய்விட்டது. நம் மாவட்டத்தில் ஒரே வகுப்பறையில் உள்பகுதிப் பிள்ளையும் கடற்கரைப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்கிறார்கள். ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு படத்தைப் போடுகிறவர் இதை யோசித்திருக்க வேண்டும்.

மகள் என்னோடு சண்டைக்கு வந்தாள். "அம்மா, கோபமே வராம இருந்திருந்தா அந்தப் பையன் பேசுனத யாரு காது குடுத்துக் கேட்டிருப்பா?" பாதி நியாயம். எதிர்த்தரப்பு ஆய்வையும் அவளே அனுப்பினாள். 2018-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹெரேரா குழுவினர் செய்தது. வீடிழந்தவரின் வாழ்க்கையை ஒரு குழுவுக்கு வி.ஆரில் காட்டினார்கள், இன்னொரு குழுவை அதையே படித்துக் கற்பனை செய்யச் சொன்னார்கள். வீடில்லாதவர்களுக்கு ஆதரவான மனுவில் வி.ஆர். குழுவில் 82 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டார்கள், மற்றதில் 67. எட்டு வாரம் கழித்துக் கேட்டபோதும் வி.ஆர். பார்த்தவர்களின் மனப்போக்கு அவ்வளவாக மங்கவில்லை. ஆக, ஒன்றுமே நடக்காது என்று சொல்ல நான் தயாராக இல்லை.

ஆனால் அங்கே கையெழுத்துப் போட ஒரு மனு இருந்தது. இங்கே என்ன இருந்தது?

ஸ்டான்ஃபோர்டிலேயே நடந்த இன்னொரு சோதனையைப் பாருங்கள், ஆன், பெய்லன்சன், பார்க் எழுதி 2014-ல் வந்தது. பங்கேற்றவர்கள் வி.ஆரில் மின்ரம்பத்தைப் பிடித்து ஒரு மரத்தை வெட்டி வீழ்த்த வேண்டும். ரம்பம் கையில் அதிரும். முடிந்தபின் ஆய்வாளர் தெரியாமல் நடந்த மாதிரித் தண்ணீரைத் தட்டிவிட்டு, துடைக்க உதவி கேட்பார். மரம் வெட்டுவதைப் பற்றி வெறுமனே படித்தவர்களைவிட, வெட்டியவர்கள் 20 சதவீதம் குறைவான காகிதத்தை எடுத்தார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, மரத்துக்கும் காகிதத்துக்கும் உள்ள தொடர்பு நேரானது, செய்ய வேண்டிய காரியமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என் கையால் ஒன்று ஆகும் என்ற நம்பிக்கை அந்தக் காகிதத்தில் போய் இறங்கியது.

பாம்பன் சாலைக் கடையில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது சங்குக் கடை. வி.ஆர். அறையிலிருந்து வெளியே வர வேறு வழியே கிடையாது. சோழித் தோரணத்தைத் தலையால் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்த பிள்ளைகள் சிப்பிச் சாவிக்கொத்தும் கடற்குதிரை பொம்மையும் விலை கேட்டார்கள். பொம்மை பிளாஸ்டிக், போகட்டும். ஆனால் 2001-லிருந்து பவளத்துண்டு, கடல் விசிறி, உலர்ந்த கடற்குதிரை, சில சங்கு சிப்பி வகைகள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. இந்தக் கடையில் அவை எதுவும் என் கண்ணில் படவில்லை. அவர் சட்டம் தெரிந்தவர். ஆனால் சுற்றுலா வருகிற பிள்ளை நாளைக்கு வேறு எங்காவது வெள்ளைப் பவளக்கல் ஒன்றைப் பார்த்தால் "வேண்டாம்" என்று வைத்துவிட வேண்டும் என்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா? "கடலைக் காப்போம்" என்ற இரண்டு சொல்லை எடுத்துவிட்டு அதை எழுதலாம். கடைக்காரரிடம் சொன்னேன். படம் சென்னையிலிருந்து வாங்கியது, அதில் கை வைக்க முடியாது, வேண்டுமானால் சுவரில் எழுதிப் போடுகிறேன் என்றார். எழுதினால் இந்த மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரம் கூட்டிவிடுவேன்.

ஸ்டான்ஃபோர்டு ஆய்வகம் 2016-ல் வெளியிட்ட கடல் அமிலமாதல் வி.ஆர். இந்த விஷயத்தில் நேர்மையானது. அதில் கதை ஒரு காரின் புகைக்குழாயிலிருந்து தொடங்குகிறது. அந்தக் கரியமில வாயு கடலில் போய்க் கரைவதைப் பின்தொடர்ந்து, இத்தாலியில் இஸ்கியா தீவுக்குப் பக்கத்துப் பாறைக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கே கடலடி எரிமலை வாயு இயற்கையாகவே குமிழிகளாக வருவதால், அமிலம் கூடிய கடல் எப்படி இருக்கும் என்பதை இன்றே பார்க்க முடிகிறது. குற்றவாளியைத் தேடினால் புகைக்குழாய்க்குப் பின்னால் நாமும்தான் நிற்கிறோம். நம்மூர்க் காட்சியில் குற்றவாளி எப்போதும் வேறு யாரோ.

பிள்ளைகளை விட்டுவிட்டு என் அத்தையிடம் வருகிறேன். சின்னப்பாலத்தில் இருக்கிறார், அறுபதைத் தாண்டிவிட்டது, சிறு வயதிலிருந்து கடற்பாசி எடுக்கிறவர். மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடுவார். விரல்களில் துணி சுற்றி, கண்ணில் முகமூடிக் கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கிப் பறிக்கிற வேலை. குடும்பத்தோடு ராமேஸ்வரம் போன ஒரு நாளில் அவரையும் அந்த நாற்காலியில் உட்கார வைத்தேன்.

முதலில் "கை எங்கடி தாயி?" என்று சிரித்தார். துடுப்பை இப்படியும் அப்படியும் அடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. தலையை அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்காலியில் முதுகு நிமிர்ந்து, தோள் உயர்ந்து, நெஞ்சு அடைத்த மாதிரி ஒரு நிலை. பயந்துபோய்க் கழற்றிவிட்டேன். "என்ன அத்தே, தல சுத்துதா?"

"இல்லடி. இம்புட்டு நேரமா உள்ளயே கெடக்கே, மூச்சு வாங்க மேல வரவேயில்லையே இது?"

எனக்கு உறைத்தது அப்போதுதான். ஆமைக்கு நுரையீரல்தானே. அசையாமல் தூங்கினால் நீண்ட நேரம் தாங்கும், நீந்தித் திரியும்போது சில நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே வந்தே ஆக வேண்டும். பத்து நிமிடக் காட்சியில் அது ஒரு தடவைகூடத் தலை தூக்கவில்லை. வலையில் மாட்டிய ஆமை சாவதும் இதனால்தான், மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் சாகும். மறுநாள் வகுப்பில், "வலையில் மாட்டிய ஆமை எதனால் சாகும்?" என்று கேட்டேன். பட்டினி என்றார்கள், காயம் என்றார்கள், கத்தி என்றார்கள். ஊர்வனவற்றின் சுவாசத்தை என்னிடமே படித்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள். ஆமையாகவே இருந்துவிட்டு வந்தவர்கள். மூச்சு என்று ஒருவர் சொல்லவில்லை. அழுத பிள்ளைகளுக்குத் தெரியாத அந்தச் சங்கதி அத்தைக்குத் தெரிந்தது. அவர் நெஞ்சு அந்த வலியைத் தினமும் பட்டிருக்கிறது. அவர் அழவும் இல்லை.

அத்தைக்கு வேறு குறைகளும் இருந்தன. பேராமை கடல்தாழை என்கிற கடற்புல்லில்தான் மேயும், அதை விட்டுவிட்டுப் பாறையிலேயே ஏன் சுற்றுகிறது என்றார். தண்ணீர் இப்படிக் கண்ணாடி மாதிரி என்றைக்கு இருந்தது என்றார். 150 ரூபாயா என்று இரண்டு தடவை கேட்டார்.

இந்த மாதிரிக் காட்சிகளை எடுப்பவர்கள் மனதில் ஒரு கணக்கு இருக்கிறது. கடலைக் கெடுப்பவர்களுக்கு உணர்வு இல்லை, உணர்வை ஊட்டிவிட்டால் திருந்திவிடுவார்கள் என்று. எங்கள் ஊரில் அந்தக் கணக்கு நிற்காது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்கா ஆயின. அதற்கு அப்புறமும் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளக்கல்லை வெட்டி எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். என் தாத்தா வீட்டு அஸ்திவாரமே அந்தக் கல். அது ஓய்ந்தது 2001-ல் பவளம் சட்ட அட்டவணையில் ஏறியதற்கும், 2004 சுனாமிக்கும் பிறகு. தீவும் பாரும் குறுக்கே நின்று அலையை வாங்கிக்கொண்டதால்தான் நாம் தப்பித்தோம் என்று இங்கே பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பவளத்தின் மேல் திடீரென்று பாசம் பொங்கியதாக எனக்குத் தெரியவில்லை. சட்டம் வந்தது, பவளம் இருந்தால் நமக்கு என்ன லாபம் என்பதும் கண்ணுக்குத் தெரிந்தது.

பாசி எடுக்கும் பெண்கள் கதை இன்னும் தெளிவானது. சின்னப்பாலம் லட்சுமி அவர்களுக்கு 2015-ல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு கிடைத்ததைப் படித்திருப்பீர்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது, மீதி நாள் பாசி வளரட்டும் என்று பெண்கள் தங்களுக்குள் கூடிப் பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. அத்தையும் அதற்குக் கட்டுப்பட்டவர்தான். யாரும் அவரைப் பாசியாக்கிக் காட்டவில்லை. போன வருஷம் கை நிறைய வந்த இடத்தில் இந்த வருஷம் விரலுக்கு வரவில்லை என்பதைக் கை சொன்னது. தனியாக ஒருத்தி நிறுத்தினால் அடுத்தவள் எடுத்துக்கொள்வாள், எல்லாரும் சேர்ந்து நிறுத்தினால்தான் ஆகும் என்பதைக் கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். ஹெட்செட்டுக்குள் ஒரே ஆள்தான் போக முடியும். பக்கத்து நாற்காலியில் இருப்பவனும் ஆமைதான், ஆனால் நம் கடலில் அவன் இல்லை. இது அந்தக் கருவியின் சுபாவம், கடைக்காரரின் குற்றமில்லை.

ஆகவே என் சிபாரிசு இப்படி. கடலைப் பார்த்தேயிராத உள்பகுதிப் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி 120 ரூபாய் பெறும். அந்த ஆமைக்குஞ்சு ஊர்கிற பகுதிக்கே கொடுக்கலாம். கடற்கரைப் பிள்ளைகளைப் பார்வையாளர்களாக மட்டும் கூட்டிப்போகாதீர்கள், பேச வையுங்கள். உங்கள் வகுப்பில் அப்படி யாரும் இல்லையென்றால் ஊரில் ஒரு படகுக்காரரையோ பாசி எடுக்கும் அக்காவையோ முன்கூட்டியே பேசிவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அரை மணி நேரம் உட்கார வையுங்கள். கத்தி காட்சிக்கு முன்னால் நிறுத்தச் சொன்னால் கடைக்காரர் நிறுத்துகிறார். அடுத்த தடவை அங்கே நிறுத்தி, "இந்த வலை இங்க எப்படி வந்திருக்கும்?" என்று கேட்கப் போகிறேன். நட்சத்திரம் கேட்டால் ஐந்துக்கு மூன்று. தார்ப்பாய் கட்டினால் மூன்றரை.

வரிசை முக்கியம். கடலில் படகுப் பயணம் முதலில், வி.ஆர். பிறகு. தலைகீழாகச் செய்த பள்ளியின் ஆசிரியை ஒருவர் சொன்னார், வி.ஆர். பார்த்துவிட்டுப் போன பிள்ளைகள் கண்ணாடி அடித்தளப் படகில் உட்கார்ந்து "டீச்சர், கலரே இல்ல" என்று முகம் சுளித்தார்களாம். உண்மைக் கடலில் தண்ணீர் கலங்கலாக இருக்கும், பவளம் பெரும்பாலும் பழுப்பாக இருக்கும், மீன் ஓடிவிடும். முதலில் அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வி.ஆர். கூடுதலாக ஒன்றைத் தரும். ஏர்வாடிப் பக்கம் பிச்சைமூப்பன்வலசையில் வனத்துறையின் படகு இருக்கிறது. காலையில் அங்கே போய், வெயில் ஏறியதும் சாப்பிட்டு, மதியத்துக்கு மேல் மண்டபம் வந்தால் சரியாக இருக்கும். அலையாத்தி பார்க்க வேண்டும் என்றால் காரங்காடு, ஆனால் அது எதிர்த்திசை, ஒரே நாளில் இரண்டையும் இழுக்காதீர்கள். தென்மேற்குக் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், படகு விடுவார்களா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர் தெளிந்து கிடப்பது மாசி, பங்குனியில். அந்த மாதங்களில்தான் செய்முறைத் தேர்வும் வருகிறது. பதினொன்றாம் வகுப்பைக் கூட்டிப்போனால் தலைமையாசிரியர் அனுமதி சுலபமாகக் கிடைக்கும்.